மூட்டைப்பூச்சித் தொல்லை: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது?

வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பது தெரிந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், கைக்குக் கிடைத்த ஸ்பிரேயை மெத்தை முழுக்க அடிப்பது. இரண்டாவது காரியம், அந்த அறையை மூடிவிட்டு அடுத்த அறையில் போய்ப் படுப்பது. இரண்டும் சேர்ந்து, ஒரு கட்டிலில் இருந்த தொல்லையை வீடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். விடுதி அறைகளிலும் வாடகை வீடுகளிலும் இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொல்லை தீராத இடங்களில் குறை பெரும்பாலும் தேடலில் இருந்தது, மருந்தில் இருந்தது அபூர்வம்.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம். எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். ஒரு டார்ச், இடுக்குகளில் ஓட்டிப் பார்க்கப் பழைய பிளாஸ்டிக் அட்டை, ஒட்டும் டேப், ஸ்க்ரூடிரைவர், வாயை இறுகக் கட்டக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பைகள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் செய்யக்கூடாதவை

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் எதையும் கட்டிலிலோ மெத்தையிலோ ஊற்றாதீர்கள். நேரடியாக நனைந்த பூச்சி சாகும். இடுக்கில் உள்ளது பிழைத்துக்கொள்ளும். பஞ்சில் ஊறிய எண்ணெய்க்கு ஒரு தீப்பொறி போதும். இப்படி வீடுகள் எரிந்திருக்கின்றன.

தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். மூடிய கதவும் சுவரின் விரிசலும் அந்த வாயுவை நிறுத்தாது. முறிவு மருந்தும் கிடையாது. 2015இல் கனடாவில் ஒரு குடும்பம் மூட்டைப்பூச்சிக்காக இதை வீட்டில் வைத்ததில் குழந்தைகள் இறந்தார்கள். "ஒரே இரவில் ஒழியும்" என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வயலுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைப் படுக்கையில் அடிப்பதும் இதே வகைதான். அந்துருண்டை, வாசனை எண்ணெய், மீயொலி எழுப்பும் கருவி ஆகியவற்றால் இந்த அளவு ஆபத்து இல்லை, ஆனால் பலனும் இல்லை. காசு மிச்சம் என்று விட்டுவிடலாம்.

## அறிகுறி 1: காலையில் தடிப்பு இருக்கிறது, பூச்சி கண்ணில் படவில்லை

தடிப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மூன்று கடி ஒரே வரிசையில் இருந்தால் மூட்டைப்பூச்சிதான் என்பார்கள். வரிசையாகவும் இருக்கும், கொத்தாகவும் இருக்கும், ஒற்றையாகவும் இருக்கும். ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு உடம்பெல்லாம் திட்டாகவும் மற்றவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருப்பது சகஜம். சிலருக்குக் கடிபட்டு இரண்டு வாரம் வரை கழித்துத்தான் தடிப்பு எழும். ஆகவே "நேற்று எங்கே படுத்தோம்" என்ற கணக்கும் ஏமாற்றக்கூடும்.

கொசுவா? கிழிசல் இல்லாத கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிச் சில இரவுகள் படுத்துப் பாருங்கள். கடி நின்றால் கொசு. வலைக்குள்ளும் கடி விழுந்தால் கடிப்பது உங்களோடு வலைக்குள்தான் இருக்கிறது.

தெள்ளுப்பூச்சியா? நாயோ பூனையோ இருக்கும் வீட்டில், கடி பெரும்பாலும் கணுக்காலைச் சுற்றி இருந்தால் முதலில் அந்தப் பிராணியின் ரோமத்தைப் பிரித்துப் பாருங்கள். தெள்ளு தாவும். மூட்டைப்பூச்சி தாவாது, பறக்காது, நடக்க மட்டும் செய்யும்.

சிரங்கா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் அரிப்பு, இரவில் கூடுதல், வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் பூச்சி தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் தேட வேண்டும். தலையணையில் தொடங்கி வெளிப்பக்கமாக நகருங்கள். மெத்தையின் விளிம்புத் தையலை இரண்டு விரலால் பிரித்துப் பிரித்து நான்கு மூலையும் பாருங்கள். துணி முத்திரை தைத்த இடம், கைப்பிடி, மெத்தையின் அடிப்பக்கம், பிறகு கட்டில். கட்டிலில் பார்க்க வேண்டியவை பொருத்துகள், ஆணித் துளைகள், குறுக்குச் சட்டம் உட்காரும் பள்ளம், தலைமாட்டுப் பலகையின் பின்புறம். தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து நகர்த்தாமல் "பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

தேடுவது பூச்சியை மட்டுமல்ல. வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர், தட்டையான செம்பழுப்பு உடல். அப்போதுதான் பொரிந்த குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர். ரத்தம் குடிக்கும் முன் வெளிறிக் கண்ணுக்குத் தப்பும். முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளை, மரத்திலும் துணியிலும் பசைபோட்டு ஒட்டியிருக்கும். குஞ்சு வளர்வதற்குள் ஐந்து முறை தோல் உரிப்பதால், மஞ்சள் பழுப்பான வெற்றுத் தோல்கள் கிடக்கும். எல்லாவற்றையும்விட எளிதில் சிக்குவது எச்சம்: பேனா முனையால் வைத்தது போன்ற கரும்புள்ளிகள். ஈரப் பஞ்சால் ஒத்திப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்து துணியில் பரவினால் அது செரித்த ரத்தம். பரவாமல் உதிர்ந்தால் வேறு அழுக்கு.

தேடியும் கிடைக்கவில்லையா? கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, ஒவ்வொரு காலின் கீழும் ஒரு பொறி வையுங்கள். இரட்டைச் சுவர் கொண்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள் இதற்கென்றே விற்கப்படுகின்றன. நடுக் கிண்ணத்தில் கட்டில் கால் நிற்கும், வெளி வளையம் அகழியாக இருக்கும். வெளிப்புறச் சுவர் பூச்சி ஏறும்படி சொரசொரப்பாகவும் உட்சுவர் வழுக்கும்படியும் இருக்க வேண்டும். வெப்பநாடுகளில் அதிகம் காணப்படும் மூட்டைப்பூச்சி இனம் வழவழப்பான சுவரிலும் ஓரளவு ஏறிவிடும். அதனால் உட்சுவரில் டால்கம் பவுடரை மெல்லத் தடவி வைப்பது நல்லது. போர்வையும் கொசுவலையும் தரையைத் தொட்டால் பொறி வைத்தும் பயனில்லை, அவையே ஏணியாகிவிடும்.

இரண்டு வாரம் பொறி காலி, எச்சம் இல்லை, தோல் இல்லை, ஆனால் தடிப்பு தொடர்கிறது என்றால் முதலில் தோல் மருத்துவர். அவர் பூச்சிக்கடி என்று உறுதியாகச் சொன்னால், ஆய்வுக்கு மட்டும் ஒரு பூச்சிக் கட்டுப்பாட்டாளரை அழைக்கலாம். பூச்சி இருப்பது உறுதியாகாமல் மருந்தடிக்கச் சம்மதிக்காதீர்கள்.

## அறிகுறி 2: ஏதோ ஒரு பூச்சி கிடைத்தது, இதுதானா என்று தெரியவில்லை

நசுக்க வேண்டாம். டேப்பில் ஒட்டி வெள்ளைத் தாளில் வைத்து, செல்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள்.

- நீண்ட மீசை, வேகமான ஓட்டம், சற்றே நீண்ட உடல்: கரப்பான் குஞ்சு.
- எட்டுக் கால்: உண்ணி.
- புழுப்போல உடலெங்கும் மயிர்: கம்பள வண்டின் புழு. இது கடிக்காது, மயிர் பட்டால் சிலருக்கு அரிக்கும்.
- ஆறு கால், இறக்கை இல்லாத தட்டையான வட்ட உடல், வயிற்றில் குறுக்குக் கோடுகள்: மூட்டைப்பூச்சி.

ஒரு விதிவிலக்கு உண்டு. கூரையிலோ பரணிலோ வௌவால் அடைந்திருக்கும் வீடுகளில், மூட்டைப்பூச்சியின் நெருங்கிய உறவான வௌவால் பூச்சி கீழே இறங்கிக் கடிக்கும். கண்ணால் பிரித்துச் சொல்வது கடினம். பூச்சிகள் மெத்தையைவிடச் சுவரின் மேற்பகுதியில் அதிகம் கிடைத்தால் இதைச் சந்தேகியுங்கள். அப்போது மெத்தையோடு போராடுவது வீண். பரணைத்தான் சரிசெய்ய வேண்டும். அது ஏணியோடு வரும் ஆட்களின் வேலை.

## அறிகுறி 3: ஒரே கட்டிலில் கரும்புள்ளியும் தோலும் ஒன்றிரண்டு பூச்சிகளும்

இந்தக் கட்டத்தில் பிடித்தால் ஆளை அழைக்காமலே பெரும்பாலும் முடித்துவிடலாம். மூட்டைப்பூச்சி தூங்குபவரைவிட்டு வெகுதூரம் போய்த் தங்காது. பெரும்பாலானவை கட்டிலிலும் அதைச் சுற்றி ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள்ளும்தான் இருக்கும். இந்த வட்டத்தைக் கலைக்காமல் வைத்திருப்பதுதான் உங்கள் பலம். அதனால் அந்தக் கட்டிலிலேயே தொடர்ந்து படுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் அங்கே இருக்கும்வரை பூச்சியும் அங்கேயே தேடி வரும். இடம் மாறினால் அதுவும் கிளம்பும். அறையைப் பூட்டிப் பட்டினி போடலாம் என்ற யோசனையும் நடக்காது. வளர்ந்த பூச்சி ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

முதலில் துணி. விரிப்பு, உறை, போர்வை, கட்டிலடியில் கிடக்கும் உடை எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே பையில் போட்டுக் கட்டுங்கள். கையில் அள்ளிக்கொண்டு கூடத்தைக் கடக்காதீர்கள். 60 டிகிரி செல்சியஸ் நீரில் துவைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதிக வெப்பத்தில் அரை மணி நேரம் ஓட்டுவது அதைவிட நம்பகமானது. ஏற்கனவே உலர்ந்த துணியைத் துவைக்காமல் நேரே அதில் போட்டாலும் போதும். இரண்டும் இல்லையென்றால், கொதிக்கும் நீரை வாளியில் ஊற்றித் துணி முழுதும் அமிழும்படி அரை மணி நேரம் ஊறவைத்து, காய்ந்தபின் தையல் ஓரங்களில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தி ஓட்டுங்கள். குளிர்ந்த நீரும் சோப்பும் போதாது. துவைத்ததைப் புதிய பையில் கட்டி வையுங்கள். பழைய பையைக் குப்பைக்கு அனுப்புங்கள்.

துவைக்க முடியாத பொம்மை, புத்தகம், செருப்பு ஆகியவற்றைப் பையில் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் குறைந்தது நான்கு நாள் வைக்கலாம். வீட்டுக் குளிர்பெட்டிகளின் மேல் அறை எல்லாம் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. உள்ளே ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அடுத்து உறிஞ்சுதல். வாக்வம் கிளீனரின் குறுகிய முனையால் தையல், பொருத்து, தரையோரம் எல்லாம் உறிஞ்சுங்கள். குழாயின் வாயில் ஒரு பழைய காலுறையை உட்பக்கமாகச் செருகிக் கட்டினால் பூச்சி இயந்திரத்துக்குள் போகாமல் காலுறையில் தங்கும். முடிந்ததும் உருவி முடிச்சுப் போட்டுப் பையில் அடைத்து வெளியே எறியலாம். ஒட்டிய முட்டை உறிஞ்சுதலுக்கு அசையாது. பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் சுரண்டிய பிறகு உறிஞ்சுங்கள்.

பிறகு வெப்பம். 50 டிகிரிக்கு மேல் போனால் பூச்சியும் முட்டையும் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. நீராவிக் கருவி இருந்தால் தையலுக்கும் இடுக்குக்கும் அதுவே நல்ல ஆயுதம், அவசரப்படாதவரை. 30 சென்டிமீட்டரைக் கடக்கப் பத்துப் பதினைந்து விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக அடித்தால் காற்றில் பூச்சி பறந்து வேறு இடத்தில் விழும். முனையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டால் அந்த வேகம் குறையும். இரும்புக் கட்டிலைப் பிரித்து வெளியே எடுத்துப் பொருத்துகளில் கொதிநீர் ஊற்றலாம். பழைய முறைதான், ஆனால் வேலை செய்யும். குழாய்க் கால்களின் உட்புறத்தை மறக்காதீர்கள். ஒட்டுப்பலகைக் கட்டிலில் கொதிநீர் ஊற்றினால் பலகை உப்பிவிடும். ஸ்விட்ச் பெட்டி அருகே நீராவியும் வேண்டாம், நீரும் வேண்டாம்.

பிறகு உறை. மூட்டைப்பூச்சிக்கென்றே செய்த, ஆறு பக்கமும் மூடும் ஜிப் உறையை மெத்தைக்கும் தலையணைக்கும் மாட்டுங்கள். உள்ளே தப்பியது வெளியே வராது. புதிதாக வருவதற்கு ஒளியத் தையல் இருக்காது. சாதாரண மெத்தை உறையின் ஜிப் முனையில் சிறு இடைவெளி இருக்கும், குஞ்சு அதில் தாராளமாகப் போகும். மெத்தையைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில் தேவையற்ற செலவு. கட்டிலில் பூச்சி இருக்கும்போது புது மெத்தை வாங்கினால் அதற்கும் குடியேறும்.

கடைசியில் தூள். பூச்சிக்கொல்லியாக விற்கப்படும் சிலிக்கா தூள் அல்லது டயட்டமேசியஸ் மண்ணை (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மென்தூள்) ஆணித் துளையிலும் தரையோர இடுக்கிலும், கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் அளவு மெல்லப் பூசுங்கள். குவித்துக் கொட்டினால் பூச்சி சுற்றிப்போகும். பூச்சியின் மேல்தோலின் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்வதால் பல நாள் ஆகும். டயட்டமேசியஸ் மண்ணைவிடச் சிலிக்கா வேகமானது. முகக்கவசம் அணியுங்கள், படுக்கும் பரப்பில் தூவாதீர்கள், நீச்சல் குளத்துக்கு விற்கும் வகையை வாங்காதீர்கள்.

இதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து, பூச்சி தென்பட்டாலும் படாவிட்டாலும், தேடல், உறிஞ்சுதல், வெப்பம் மூன்றையும் மறுபடி செய்வது. முட்டை பொரிய சாதாரண அறை வெப்பத்தில் ஆறு முதல் பத்து நாள், குளிர்காலத்தில் இன்னும் கூடுதல். முதல் சுற்றில் தப்பிய முட்டை இப்போது குஞ்சாக வெளியே திரியும். அது வளர்ந்து முட்டையிட இன்னும் ஐந்து வாரம்போல் ஆகும். இடையில் கிடைக்கும் அந்த அவகாசத்தை வீணாக்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நாட்காட்டியில் குறித்துவைத்துவிட்டுப் படுங்கள்.

எப்போது ஆளை அழைப்பது? இரண்டாவது சுற்றுக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகும் பொறியில் வளர்ந்த பூச்சி விழுந்தால்.

## அறிகுறி 4: ஸ்பிரே அடித்தோம், சில நாள் இல்லை, மறுபடி வந்துவிட்டது

எனக்கு வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். காரணங்களை இந்த வரிசையில் சோதியுங்கள்.

முட்டை பொரிந்திருக்கிறது. திரும்பி வந்தவை எல்லாம் சிறிய குஞ்சுகளா? அப்படியானால் ஸ்பிரே பெரியவற்றைக் கொன்றிருக்கிறது, முட்டையைத் தொடவில்லை. இது நல்ல செய்தி. மேலே சொன்ன இரண்டாவது சுற்றை இன்றே தொடங்குங்கள்.

பதுங்கிடம் விட்டுப்போயிருக்கிறது. பெரியவையும் சிறியவையும் கலந்து வந்தால், நீங்கள் பார்க்காத ஓர் இடம் இருக்கிறது. தலைமாட்டுப் பலகை, கட்டிலோடு சேர்ந்த இழுப்பறையின் அடிப்பக்கம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, மாட்டிய படத்தின் பின்புறம், கட்டிலருகே நிற்கும் நாற்காலி. இரட்டை வளையப் பொறி இங்கே துப்புச் சொல்லும்: வெளி வளையத்தில் விழுந்தவை அறையிலிருந்து கட்டிலுக்கு வந்தவை, உள் வளையத்தில் விழுந்தவை கட்டிலிலிருந்து இறங்கியவை. உள் வளையம் நிரம்புகிறது என்றால் கட்டிலை மறுபடி பிரியுங்கள். நான்கு கால்களில் ஒன்றில் மட்டும் வெளி வளையம் நிரம்புகிறது என்றால் அந்தத் திசையில் தேடுங்கள்.

மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டது. டப்பாவின் பின்புறத்தைப் படியுங்கள். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போல "த்ரின்" என்று முடியும் பெயர்கள் மட்டும் இருந்தால் அது பைரித்ராய்டு வகை. உலகின் பல பகுதிகளிலும் மூட்டைப்பூச்சி இந்த வகைக்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது. சோதிக்க ஒரு வழி: உயிருள்ள பூச்சி ஒன்றை மூடியுள்ள சீசாவில் இட்டு, மருந்தடித்து உலர்ந்த தாளின் மேல் விட்டுப் பாருங்கள். மறுநாளும் நடந்துகொண்டிருந்தால் அந்த டப்பாவுக்கு இனிச் செலவழிக்காதீர்கள். அளவைக் கூட்டி அடிப்பதும் தவறு; அதிகம் பாதிக்கப்படுவது உங்கள் நுரையீரல்தான்.

புகை மருந்து பயன்படுத்தியிருக்கிறீர்கள். அறையில் வைத்துத் திறந்துவிட்டு வெளியேறும் புகைக் குண்டின் மருந்து மேற்பரப்பில்தான் படியும். இடுக்குக்குள் போகாது. எரிச்சல்பட்ட பூச்சிகள் கலைந்து சுவருக்குள்ளும் அடுத்த அறைக்கும் போகும். எரியும் அடுப்பருகே வெடிக்கவும் கூடும். இதைப் பயன்படுத்திய பிறகு தொல்லை கூடியிருந்தால் பக்கத்து அறைகளிலும் பொறி வைத்துப் பாருங்கள். அங்கும் விழுந்தால் அறிகுறி 7.

அழைக்கும் கட்டம்: எதிர்ப்புத் திறன் உறுதியாகி, வெப்பம் கொடுக்கக் கருவியும் இல்லாதபோது. வேறு வகை மருந்துகள் பயிற்சி பெற்றவர்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

## அறிகுறி 5: மெத்தையை வெயிலில் போட்டும் போகவில்லை

வெயில் மோசமில்லை, போட்ட விதம்தான் மோசம். மெத்தையின் மேற்புறம் சுடும்போது பூச்சி நிதானமாகக் கீழ்ப்புறத்துக்கு நடந்துவிடும். பஞ்சும் நுரையும் வெப்பத்தை உள்ளே விடாது. மாலையில் சூடான மெத்தையை அதே பூச்சிகளோடு உள்ளே கொண்டுவருகிறோம்.

சிறிய பொருட்களுக்கு வெயில் உதவும். துணி, செருப்பு, பையை மெல்லிய அடுக்காகக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கடும் வெயிலில் வையுங்கள். நடுவில் வெப்பமானி ஒன்றைச் செருகி, 50 டிகிரியைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் அன்றைய வெயில் கணக்கில் சேராது. மெத்தைக்கு இந்த வழி வேண்டாம், நீராவியும் உறையும்தான்.

## அறிகுறி 6: கட்டில் சுத்தம், ஆனால் கடி நிற்கவில்லை

கடி எந்த நேரத்தில் விழுகிறது என்று கவனியுங்கள். மாலையில் தொலைக்காட்சி பார்த்து எழுந்தபின் தொடையின் பின்புறம் அரித்தால் சோபாதான் குற்றவாளி. பகலில் தூங்குபவர் வீட்டில் இருந்தால் அவர் சாயும் நாற்காலி. மூட்டைப்பூச்சிக்கு இரவு என்பது கட்டாயமில்லை. ஆள் அசையாமல் கிடந்தால் போதும், ரத்தம் குடிக்க ஐந்து முதல் பத்து நிமிடம் தேவை.

சோபாவைக் கவிழ்த்து அடியில் உள்ள மெல்லிய கறுப்புத் துணியைப் பாருங்கள். அது ஸ்டேபிள் பின் அடித்த ஓரம் முழுவதும் எச்சம் இருக்கும், இருந்தால். துணியைக் கிழித்துப் பையில் போட்டுவிட்டு உட்புறச் சட்டத்தை உறிஞ்சி நீராவி கொடுங்கள். திண்டுக்கும் கைச்சட்டத்துக்கும் இடையே உள்ள பிளவு அடுத்தது. சக்கர நாற்காலியும் சாய்வு நாற்காலியும் இருந்தால் திருகுத் துளைகளும் மடக்குப் பொறியும். பிளாஸ்டிக் நாற்காலியின் அடிவிளிம்பையும் விடாதீர்கள்.

சோபா முழுக்கப் பரவியிருந்தால் அதைக் காப்பாற்றுவது புது சோபாவைவிடச் செலவாகலாம். அகற்றுவது என்று முடிவானால், இருக்கும் இடத்திலேயே பிளாஸ்டிக்கால் சுற்றி, இருக்கைத் துணியைக் கத்தியால் கீறி, "மூட்டைப்பூச்சி உள்ளது" என்று எழுதி வெளியே வையுங்கள். இல்லையென்றால் யாராவது அதைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

## அறிகுறி 7: ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் பூச்சி

இங்கே நானும் கையை உயர்த்திவிடுகிறேன். இரண்டு அறையிலும் வளர்ந்த பூச்சியும் முட்டையும் கிடைத்தால், அல்லது பகலிலேயே சுவரில் நடமாடினால், அல்லது ஸ்விட்ச் பெட்டியின் ஓரத்தில் எச்சம் இருந்தால் அது தொழில்முறை வேலை. ஸ்விட்ச் பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்துப் பார்க்கத் தெரிந்தவர் பார்க்கட்டும்.

பச்சிளங்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ளவர், படுக்கையிலேயே இருக்கும் முதியவர் இருக்கும் வீட்டில் இந்த அளவுக்குக் காத்திருக்காமல் அறிகுறி 3 கட்டத்திலேயே அழைத்துவிடலாம். மூட்டைப்பூச்சி மனிதர்களுக்கு நோய் பரப்புவதாக நிறுவப்படவில்லை. ஆனால் சொறிந்த இடம் சீழ்பிடிக்கும், தொல்லை முற்றிய இடங்களில் ரத்தசோகைகூட வரும்.

அழைக்கும்போது கேட்க வேண்டியவை:

- முதலில் ஆய்வு செய்வார்களா, பூச்சி உறுதியான பிறகுதான் வேலையா?
- எத்தனை முறை வருவார்கள்? மருந்து என்றால் இரண்டு வார இடைவெளியில் குறைந்தது இரண்டு முறை. ஒரே முறை அடித்தால் போதும் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.
- என்ன மருந்து, எந்த வகை? பெயரைச் சொல்ல மறுப்பவர் வேண்டாம்.
- இரண்டாவது வருகைக்குப் பிறகும் பூச்சி இருந்தால் பொறுப்பு யாருடையது? எழுத்தில் வாங்குங்கள்.

அறை முழுவதையும் சூடாக்கும் வெப்ப முறை கிடைத்தால் செலவு கூடுதல், ஆனால் முட்டையும் சேர்ந்து ஒரே நாளில் முடியும். அறைக் காற்றைப் பல மணி நேரம் 50 டிகிரிக்கு மேல் வைத்து, சுவரோரத்திலும் மெத்தை நடுவிலும் வெப்பமானி செருகி அளப்பார்கள். அளக்காதவர் செய்வது வெப்ப முறை அல்ல. லைட்டர், ஸ்பிரே டப்பா, மருந்து மாத்திரை, மெழுகுவர்த்தி, மீன்தொட்டி, இசைக்கருவி ஆகியவற்றை முன்கூட்டியே அகற்ற வேண்டும். அகற்றுவதைச் சோதித்துவிட்டு அகற்றுங்கள். வெப்பம் போனதும் காவலும் போய்விடும், தூளோ மருந்தோ போல எஞ்சி நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மருந்தடித்த பிறகு முழுதும் உலரும்வரை உள்ளே போகாதீர்கள். அதன்பின் சுவரோரத்தையும் கட்டில் பொருத்தையும் துடைத்துக் கழுவி அந்த மருந்தை அழித்துவிடாதீர்கள். சுத்தம் என்று நினைத்து இதைச் செய்து இரண்டாவது வருகையை வீணாக்கிய வீடுகள் நிறைய.

## அறிகுறி 8: மாதக்கணக்கில் இல்லை, திடீரென்று மறுபடி

வெளியிலிருந்து வந்ததா? சமீபத்தில் பயணம், விருந்தினரின் பெட்டி, பழைய மரச்சாமான், விடுதியிலிருந்து திரும்பிய பிள்ளையின் படுக்கை. பெட்டியின் ஜிப் மடிப்பையும் சக்கர ஓரத்தையும் பாருங்கள். இனிமேல் பயணம் முடிந்தால் பெட்டியைக் கட்டிலில் வைக்காமல் குளியலறைத் தரையில் திறந்து, துணியை நேராக வெந்நீருக்கு அனுப்புங்கள். தங்கும் அறையில் பெட்டியை இறக்கும் முன் மெத்தையின் இரண்டு மூலையைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

அடுத்த வீட்டிலிருந்தா? அடுக்கு வீடுகளில் மின்கம்பிக் குழாய், நீர்க்குழாய்த் துளை, கதவிடுக்கு வழியாக வரும். பொதுச்சுவர்ப் பக்கமுள்ள கட்டில் காலின் பொறியில் மட்டும் தொடர்ந்து விழுந்தால் சந்தேகம் உறுதியாகிறது. துளைகளைப் பசையால் அடையுங்கள், பிறகு பேசுங்கள். யாரும் தம் வீட்டில் மூட்டைப்பூச்சி இருப்பதாக ஒப்புக்கொள்ள விரும்புவதில்லை. அழுக்குள்ள வீட்டில்தான் வரும் என்ற எண்ணம்தான் காரணம். உண்மையில் அதற்கு வேண்டியது ரத்தமும் இடுக்கும்தான். சுத்தமான வீட்டில் இரண்டும் உண்டு. "எங்கள் வீட்டில் வந்திருக்கிறது, உங்களுக்கும் ஏறியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினால் கதவு திறக்கும். ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால் பூச்சி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருக்கும். கட்டட உரிமையாளரோ சங்கமோ ஒரே நேரத்தில் எல்லா வீட்டுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

## அறிகுறி 9: பூச்சி இல்லை, ஆனாலும் ஊர்வது போல இருக்கிறது

இது அடிக்கடி நடப்பதுதான். வாரக்கணக்கில் டார்ச்சோடு படுத்தவர்களுக்கு நூல் நுனி பட்டாலும் பூச்சியாகத் தோன்றும். உணர்வை நம்பாதீர்கள், பொறியை நம்புங்கள். வாரம் ஒரு முறை பொறியைப் பார்த்து, வெள்ளை விரிப்பில் புதுக் கறை இருக்கிறதா என்று பார்த்து, தேதியோடு குறித்துவையுங்கள். மற்ற நாட்களில் மெத்தையைப் புரட்ட வேண்டாம். தூக்கம் தொடர்ந்து கெட்டால் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அரிப்புக்கும் தூக்கத்துக்கும் சேர்த்தே அவர் பார்ப்பார்.

எட்டு வாரம் பொறி காலி, புதுக் கறை இல்லை, புதுத் தோல் இல்லை என்றால் அந்த அறை விடுபட்டது. துணிகளைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கலாம், கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளலாம். மெத்தை உறையை மட்டும் ஒரு வருடத்துக்குக் கழற்றாதீர்கள். கிழிந்தால் அன்றே டேப் ஒட்டுங்கள்.